கொடுத்த அளவும் குடித்த அளவும்: ஓசூர் ஆலைக் காப்பகம் ஒன்றில் ஐந்து மாதக் குழந்தை

பின்னணி

ஓசூரை ஒட்டி மின்னணு உதிரிபாகங்கள் பொருத்தும் ஆலை ஒன்று இருக்கிறது. வேலை செய்பவர்களில் பெண்களே அதிகம். ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். வளாகத்துக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் உண்டு. இந்த நிகழ்வின்போது அதில் 14 குழந்தைகள் இருந்தார்கள். ஒரு வயது நிரம்பாதவர்கள் 5 பேர். கவனித்துக்கொள்ள ஒரு சூப்பர்வைசரும் 3 ஆயாக்களும். தொட்டில் பகுதி, சமையல், சுத்தம் என்ற மூன்று வேலையும் ஆயாக்களுக்குள் வாரம் ஒரு முறை மாறும்.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் 26 வார விடுப்பு தந்தது. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இந்தத் தாய் முன்னால் 5 வாரம் எடுத்துவிட்டார். ஆகவே வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து மாதம் நிறையும் தறுவாய். தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாத வயது. இதைப் பலர் கணக்கிடுவதில்லை: 26 வாரம் என்பது காகிதத்தில் ஆறு மாதம், பெரும்பாலான தாய்மாருக்குக் கையில் கிடைப்பது ஐந்து.

பெண் குழந்தை, முதல் பிள்ளை, பிறப்பு எடை 2.8 கிலோ. ஜூன் நடுவில் காப்பகத்தில் சேர்ந்த அன்று எடை 6.7 கிலோ. உலக சுகாதார நிறுவன வளர்ச்சி அட்டவணையில் ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு நடு அளவு 6.9 கிலோ என்பதால் கவலைப்பட ஏதுமில்லை. அதுவரை பாட்டிலையோ சங்கையோ அவள் பார்த்ததில்லை. வீட்டில் பேச்சு தெலுங்கு. பகலில் பாட்டி மடியிலும் தூளியிலும் வளர்ந்தவள்.

முதல் மூன்று வாரம்

காலை 8.10-க்குப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தாய் காப்பகத்திலேயே பால் கொடுத்துவிட்டு 8.30 ஷிப்டுக்குப் போவார். முந்தைய இரவும் அதிகாலையும் பீய்ச்சி எடுத்த பாலை 100 மி.லி. வீதம் இரண்டு பாட்டிலில், ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுவருவார். பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வரிகள்: ‘11.00 – 100 மி.லி.’, ‘3.00 – 100 மி.லி.’ மாலையில் பாட்டில்கள் காலியாகக் கழுவிக் கொடுக்கப்பட்டன. குழந்தை முழுவதும் குடித்துவிடுகிறாள் என்றே தாய் நம்பினார்.

இரண்டாம் வாரத்தில் அழுகை கூடியது. குறிப்பாக 10.30 தேநீர் இடைவேளையில் தாய் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அரை மணி நேரம் அடங்கவில்லை. “நீ வந்துட்டுப் போனாத்தாம்மா ரொம்ப அழறா, மதியம் மட்டும் வா” என்று ஆயாக்கள் சொன்னார்கள். தாயும் வருவதை நிறுத்தினார். காப்பகங்களில் அடிக்கடி சொல்லப்படும் யோசனை இது. அழுகையைக் குறைக்கும், பசியைக் குறைக்காது.

அதே வாரத்தில் மூன்று விதமான நிப்பிள் மாற்றிப் பார்த்தார்கள். பாலூட்டும் நேரத்தையும் மாற்றினார்கள். தாய்க்குப் பால் போதவில்லையோ என்ற சந்தேகத்தில் பால்பவுடர் டின் ஒன்றும் திறக்கப்பட்டது. அதையும் குழந்தை துப்பினாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது உதவியது, எது கெடுத்தது என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. பவுடர் பாலையும் மறுத்தாள் என்பது மட்டும் பிற்பாடு ஒரு தடயமாகப் பயன்பட்டது.

வெளிப்பட்டது எப்படி

ஈரத்துணி வாளிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. இந்த வயதில் 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறையாவது சிறுநீர் நனையும். இவளுடைய துணிகள் காப்பகத்தில் இருந்த 9 மணி நேரத்தில் இரண்டே முறை நனைந்திருந்தன, அதுவும் அடர் மஞ்சளாக. 200 மி.லி. பாலும் மதியத் தாய்ப்பாலும் குடித்த குழந்தைக்கு இது பொருந்தவில்லை. சூப்பர்வைசர் துணிகளை இரண்டு நாள் தனியாக எடுத்து எண்ணிவிட்டு எடை பார்த்தார்: 6.75 கிலோ. ஏறத்தாழ மாதம் 400 கிராம் கூட வேண்டிய வயதில் மூன்று வாரத்தில் 50 கிராம்.

இதில் ஒரு சிக்கல். காப்பகத்தில் இருந்தது 50 கிராம் படிகள் கொண்ட பெரியவர்களுக்கான எடை இயந்திரம். ஆயா குழந்தையோடு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்று கழித்துச் சொல்வதுதான் வழக்கம். வாரத்துக்கு 100 கிராம் கூடுகிறதா என்று பார்க்க அது உதவாது. 10 கிராம் வரை காட்டும் குழந்தை எடைக்கருவி அந்த வாரமே வாங்கப்பட்டது. அன்றிலிருந்து திங்கள்கிழமை காலை, தாய் பால் கொடுப்பதற்கு முன்பு, துணியில்லாமல், இரண்டு முறை நிறுத்து எழுதினார்கள்.

பால் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை எளிது. ஆயாக்கள் எழுதியது கொடுத்த அளவை. குழந்தை வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். மீதியைக் கொட்டி, பாட்டிலைக் கழுவி வைத்தார்கள். யாரும் பொய் எழுதவில்லை. பதிவேட்டில் மீதிக்கு இடமே இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அளந்தார்கள். 100 மி.லி. ஊற்றி, குடித்து முடிந்ததும் மீதியை அளவுக் குவளையில் பார்த்தார்கள். கழுத்துத் துண்டை முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வைத்து, கூடிய ஒவ்வொரு கிராமையும் சிந்திய 1 மி.லி. என்று கழித்தார்கள். 11 மணிக்கு மீதி 70, சிந்தியது 8. உள்ளே போனது 22. மூன்று மணிக்கு 25. ஆக 9 மணி நேரத்தில் 50 மி.லி.க்கும் குறைவு. அத்துடன் மதியம் தாயிடம் சில நிமிடம்.

தாயிடம் கேட்டபோது மறுபாதி தெரிந்தது. இரவில் ஐந்தாறு முறை எழுந்து குடிக்கிறாள். பகலில் விட்டதை இரவில் பிடித்துக்கொள்ளும் வழக்கம், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளிடம் புதிதல்ல. எடை இறங்காமல் நின்றது அதனால்தான். விலை கொடுத்தவர் தாய்: இரவுத் தூக்கம் கெட்டு, லைனில் மைக்ரோஸ்கோப் முன்னால் கண் சொக்கி, இரண்டு முறை லைன் லீடரிடம் பேச்சு வாங்கியிருந்தார்.

எடுத்த முடிவுகள்

முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். குழந்தை மருத்துவர் காய்ச்சல், காது, நாக்கின் அடிக்கட்டு, துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டாலோ, இரவிலும் குடிக்க மறுத்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். இந்த வரிகள் தொட்டில் அறைச் சுவரில் ஒட்டப்பட்டன.

அடுத்தது பாலின் வாசனை. சிலருடைய பாலில் கொழுப்பைப் பிரிக்கும் நொதி அதிகம்; ஃபிரிட்ஜில் வைத்த சில மணி நேரத்தில் சோப்பு வாடை வரும். கெட்டுப்போன பால் அல்ல, ஆனால் சில குழந்தைகள் மறுக்கும். இரவு எடுத்த பாலையும் அன்று காலை எடுத்த பாலையும் மூன்று நாள் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் 10 மி.லி. கூட வரவில்லை. பவுடர் பாலையும் மறுத்தவள் என்பதோடு சேர்த்து, சுவையல்ல காரணம் என்று அந்தக் கதவை மூடினார்கள். ஒரு நன்மை: பாட்டில்கள் ஃபிரிட்ஜ் கதவில் வைக்கப்பட்டிருந்தது கண்ணில் பட்டது. திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. உள் தட்டின் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். அறைச் சூடு 25 டிகிரி வரை என்றால் எடுத்த பாலை 4 மணி நேரம் வெளியில் வைக்கலாம், 4 டிகிரி குளிரில் 4 நாள்.

மூன்றாவது, பாட்டிலை அடியோடு நிறுத்திச் சங்குக்கு மாறியது. இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கருவிதான், ஆனால் வீட்டில் புகட்டும் முறை காப்பகத்துக்கு ஆகாது. குழந்தையை மடியில் மல்லாத்தி, கன்னத்தை அழுத்தி, தொண்டையில் ஊற்றினால் அழும் குழந்தைக்குப் பால் புரையேறும், மூச்சுக்குழலுக்குள்ளும் போகலாம். இங்கே பழக்கியது வேறு. குழந்தையை ஏறக்குறைய நிமிர்த்தி உட்கார்த்தி, பின்தலையைக் கையால் தாங்க வேண்டும். சங்கில் பாதியளவு பால். சங்கின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். நக்கி இழுத்து விழுங்குவது குழந்தையின் வேலை, ஊற்றக் கூடாது. விழுங்கிய பிறகே அடுத்தது. முகம் திருப்பினால் நிறுத்த வேண்டும். முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம். சங்கைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் கொதி வந்தபின் 10 நிமிடம் கொதிக்க விட வேண்டும். வளைந்த மூக்கின் உட்பக்கத்தில்தான் பால் படியும் என்பதால் அதற்கென்று ஒரு சிறு பிரஷ்.

முதல் நாலு நாள் நிறையச் சிந்தியது. கழுத்துத் துண்டை நிறுக்காமல் இருந்திருந்தால் நன்றாகக் குடிக்கிறாள் என்று மறுபடியும் ஏமாந்திருப்பார்கள்.

யாருடைய கை

பதிவேட்டில் புதிதாக ஐந்து கட்டங்கள் போட்டார்கள்: ஊற்றியது, மீதி, சிந்தியது, கொடுத்தவர், தொடங்கும்போது குழந்தை இருந்த நிலை. ஆறு நாளில் படம் தெளிவாயிற்று. இரண்டு ஆயாக்களிடம் ஒரு வேளைக்கு 20, 25 மி.லி. மூன்றாமவரிடம் 45, 50. அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வயதில் மூத்தவர், தெலுங்கு பேசுபவர்.

மொழிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசிக் கட்டத்தைப் படித்தால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. மற்ற இருவர் 11 மணி ஆகட்டும் என்று காத்திருந்து, குழந்தை அழத் தொடங்கியதும் பாலை வெந்நீரில் வைத்தார்கள். பால் உடம்புச் சூட்டுக்கு வரப் பத்து நிமிடம். அதற்குள் அழுகை முற்றிவிடும், அந்த நிலையில் எந்தக் குழந்தைக்கும் சங்கு இறங்காது. மூத்தவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 10.20-க்கே பாலை வெந்நீரில் வைத்துவிட்டு, குழந்தையை ஜன்னலோரம் தூக்கிவைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி இருப்பார். அவள் கையைச் சப்பத் தொடங்கினாலோ தலையை மார்புப் பக்கம் திருப்பினாலோ உடனே சங்கு. நேரமா, பழகிய பேச்சா, அவசரமில்லாத மடியா என்று பிரித்துச் சொல்ல இந்தப் பதிவேட்டால் முடியாது. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன. ஆகவே ஆளை மாற்றாமல் வைப்பது என்று முடிவாயிற்று.

பாலூட்டல், துணி மாற்றல், தூங்க வைத்தல் மூன்றையும் இந்தக் குழந்தைக்கு அவர் மட்டுமே செய்வது. இரண்டாவது ஆயா ஒருவர் தினமும் ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து பழகுவது. உடனே முணுமுணுப்பு எழுந்தது: “ஒரு கொழந்தைக்கு மட்டும் தனி ஆளா?” நியாயமான கேள்வி. ஐந்து கைக்குழந்தைகளையும் இரண்டு, இரண்டு, ஒன்று என மூவருக்கும் பிரித்துக் கொடுத்தபிறகே அது அடங்கியது. ஒரே ஒரு குழந்தை உள்ளவருக்குச் சமையல் பொறுப்பு கூடுதல். வாராந்தர வேலை மாற்றம் பெரிய குழந்தைகளுக்கு மட்டும் தொடர்ந்தது.

தூக்கம் தனிப் பிரச்சினை. தூளி கட்டச் சொல்லித் தாய் கேட்டார். சூப்பர்வைசர் மறுத்தார், அது சரியான மறுப்பு. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு பாட்டி பக்கத்திலேயே இருப்பார். இங்கே ஒரு ஆயா பல குழந்தைகளைப் பார்க்க வேண்டும். துணி மடிப்புக்குள் முகம் புதைந்தாலோ கழுத்து மடங்கினாலோ தூரத்திலிருந்து தெரியாது. நடக்கப் பழகிய பிள்ளைகள் ஆட்டிவிடவும் செய்வார்கள். தாயின் பழைய பருத்திப் புடவையை மடித்து, கெட்டியான மெத்தைமேல் விரிப்பாகப் போட்டு, நான்கு பக்கமும் அடியில் இறுக்கிச் செருகினார்கள். தலையணை இல்லை, போர்வை இல்லை, மல்லாந்த நிலை. பகல் தூக்கம் இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி வரை போயிற்று. வீட்டுத் தூளியில் தூங்கும் இரண்டு மணி நேரம் இங்கே ஒருநாளும் வரவில்லை. கையில் கட்டியிருந்த வசம்பு வளையத்தைப் பேச்சில்லாமல் கழற்றிப் பையில் போட்டு அனுப்பினார்கள். நூல் அறுந்தால் மணி தொண்டைக்குப் போகும்.

15 நிமிடத்தின் கணக்கு

தாய் ஏன் 10.30-க்கு வந்து பால் கொடுக்க முடியவில்லை என்பதை யாரும் நடந்து பார்க்கவில்லை. சூப்பர்வைசர் கடிகாரத்தோடு நடந்தார். லைனிலிருந்து காப்பகம் வரை 5 நிமிடம், திரும்ப 5. மேலங்கி, தொப்பி கழற்றிக் கைகழுவ 2 நிமிடம், திரும்பப் போட 2. இடைவேளை 15 நிமிடம். குழந்தைக்கு மிஞ்சியது ஒரே நிமிடம். ஒரு நிமிடம் முகம் காட்டிவிட்டுப் போனால் எந்தக் குழந்தையும் அழும்.

ஓய்வு இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளில் நான்கு முறை தாய் காப்பகத்துக்கு வந்துபோகச் சட்டம் இடம் தருகிறது. ஹெச்.ஆர். பிரிவில் சட்டத்தைவிட அந்த நடைக்கணக்குதான் எடுபட்டது. லைனில் கழிவறைக்குப் போகிறவர்களுக்குப் பதிலாக உட்காரும் ரிலீவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். அவரை வைத்து 10.20 முதல் 10.50 வரை ஒரு வருகை, மதியம் சாப்பாட்டுக்கு முன்பு ஒன்று, 3.30-க்கு 25 நிமிடம் ஒன்று என்று ஏற்பாடானது. முன்பு ஸ்டோர் ரூம் மூலையில் நின்றபடி எடுத்த பாலை இனி உட்கார்ந்து எடுக்க, உள்தாழ்ப்பாள் உள்ள சிறு அறையும் கிடைத்தது. 60 மி.லி.க்கு இறங்கியிருந்த அளவு இரண்டு வாரத்தில் 100-க்குத் திரும்பியது.

பிறகு நடந்தவை

சங்கில் குடித்த பால் முதல் வார முடிவில் நாளுக்கு 110 மி.லி., நாலாம் வாரத்தில் 180-ஐத் தொட்டது. தாயின் மூன்று வருகைகளில் குடித்தது இதில் சேராது. நனைந்த துணிகள் நாலு, ஐந்து ஆயின. எடை இரண்டு வாரத்தில் 6.95, நாலு வாரத்தில் 7.2 கிலோ. இரவு விழிப்பு இரண்டு, மூன்று முறையாகக் குறைந்தது.

ஆடி மாதம் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு மூத்த ஆயா நாலு நாள் விடுப்பில் போனார். முதல் நாள் அளவு பாதியாயிற்று. பழகியிருந்த இரண்டாவது ஆயா கையில் மூன்றாம் நாள் 140-க்கு ஏறியது. இந்த ஏற்பாடு இல்லாமல் ஒரே ஆளை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாரும் எதிர்பார்க்காத சங்கடம் ஒன்று வந்தது. மாலையில் தாய் கை நீட்டும்போது குழந்தை ஆயாவின் தோளில் முகம் புதைத்தாள். தாய் அன்று பஸ்ஸில் யாரிடமும் பேசாமல் போனார் என்று பின்னர் தெரிந்தது. ஆயாக்கள் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள்: தானாக உட்கார்ந்தது, முதல் பல் எட்டிப் பார்த்தது போன்றவற்றைத் தாங்கள் முந்திச் சொல்வதில்லை. “இன்னைக்கு வீட்ல தரையில உக்கார வச்சுப் பாரும்மா” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த வேலையில் ஆயாவுக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷமே அந்த முதல் காட்சிகள்தான். அதை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமல்ல.

ஆறு மாதம் நிறைந்ததும் கேழ்வரகு. பாட்டி ராகிப் பாலைப் பாட்டிலில் ஊற்றி, நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுக்கச் சொன்னார். காப்பகம் கரண்டிக்கு வந்தது. ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்துச் சலித்த மாவு 10 கிராம், 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறியபடி 7, 8 நிமிடம் கொதிக்க விட்டு, அரைத் தேக்கரண்டி நெய். உப்பு, சர்க்கரை இல்லை. ஒரு கிண்ணத்தில் சுமார் 55 கலோரி. 6 முதல் 8 மாதம் வரை பாலுக்கு மேல் நாளுக்கு 200 கலோரி தேவை என்பதால் மாவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். முளைகட்டிய மாவில் ஒரு வசதி: முளைக்கும்போது வரும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், மாவைக் கூட்டினாலும் கூழ் பசையாக இறுகுவதில்லை. ராகி ரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. அதில் கால்சியம்தான் தாராளம், இரும்பு சுமார்தான். வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் தனியாகப் போயிற்று.

கூழ் காய்ச்சிய தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றினுடையது என்பது அப்போதுதான் தெரிந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் வற்றும் அளவுக்குச் செறிவுதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயிலிருந்து தனிக் குடம் பிடித்து, குழந்தைகள் சமையலுக்கு அதை மட்டும் பயன்படுத்தினார்கள்.

எட்டு மாதத்தில் எடை 7.7 கிலோ. சங்கு போய், சிறிய எவர்சில்வர் டம்ளர் வந்துவிட்டது.

மாற்றப்பட்டவை, மாறாதவை

இப்போது ஒரு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தை சேர்ந்தாலும், தாயின் விடுப்பு முடிவதற்கு முந்தைய வாரமே பழக்கம் தொடங்குகிறது. முதல் இரண்டு நாள் தாயும் கூடவே ஒரு மணி நேரம். அடுத்த இரண்டு நாள் தாய் பக்கத்து அறையில் இருக்க, ஆயா சங்கில் ஒரு வேளை. ஐந்தாம் நாள் அரை நாள். ராயக்கோட்டையிலிருந்து கைக்குழந்தையோடு விடுப்பில் வந்துபோவது சிரமம் என்று இருவர் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வீட்டிலேயே சங்கு பழக்கிவிட்டு வரச் சொல்வதோடு சரி. சேர்ந்த முதல் நாள் எடை, ஏழாம் நாள் எடை இரண்டும் கட்டாயம். பதிவேடு ஐந்து கட்டங்களோடு தொடர்கிறது. எந்த மாற்றமானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், குறைந்தது மூன்று நாள்.

3.30 வருகை மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் நாட்களில் ரிலீவரை வேறு லைனுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் பதிவேட்டில் 3.30-க்கான வரி காலியாகவே இருக்கிறது. மூன்று மாதப் பக்கங்களை நகலெடுத்து சூப்பர்வைசர் ஹெச்.ஆர். பிரிவுக்குக் கொடுத்திருக்கிறார், கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கென்று தனி ரிலீவர் போடுவது பற்றிய பதில் வரவில்லை.